காட்டுப்பாக்கத்திலிருந்து மேற்கே: காகிதம், பேனா, மை

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஐயப்பன்தாங்கலைத் தாண்டிக் குமணன்சாவடியை அடையுமுன் வருகின்ற ஊர் காட்டுப்பாக்கம். செங்கற்பட்டு மார்க்கத்தில், பொத்தேரிக்கருகே, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தினால் பெயர் பெற்ற காட்டுப்பாக்கம் வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணி அலைவதற்கு இடமுண்டாகையால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய காட்டுப்பாக்கத்துக்கு அவ்விதப் பிரசித்தி ஒன்றும் கிடையாது. சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்காக எழுந்த தூண்களும், அவற்றின் இருபுறமும் ஓயாது போகின்ற பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும், உட்தெருக்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், அவற்றில் வாழும் குடும்பத்தாரின் பிள்ளைகளை நம்பி நடக்கின்ற பள்ளிக்கூடங்களும், அப்பள்ளிக்கூடங்களை நம்பி நடக்கின்ற ஸ்டேஷனரி கடைகளுமாக, சென்னைக்கு மேற்கிலுள்ள எந்தப் புறநகருக்கும் பொதுவான லட்சணங்களோடு அது இருக்கிறது.

நான் மேற்கொண்டது பெரிய பிரயாணமன்று. காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறித் திருமழிசை வழியாகத் திருவள்ளூர் போய், திரும்பும்போது பூவிருந்தவல்லியில் இறங்கி வருகின்ற, ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கும் வழி அது. ஆயினும் அதற்கு ஒரு நோக்கம் இருந்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத எழுதுபொருள் என்று இப்போது பலர் பேசுகிறார்கள்; பச்சை இலை ஒன்று அச்சிட்ட பென்சிலும் நோட்டும் பேனாவும் பையும் எங்கும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. நாள்தோறும் நாம் கையாளும் இந்தச் சாமான்கள் எதனால் செய்யப்படுகின்றன, வேலை முடிந்தபின் எங்கே போகின்றன, செய்தவன் செய்யும்போதே அந்த முடிவைச் சற்றேனும் சிந்தித்தானா என்பவற்றை, அவற்றை விற்பவர், பிரிப்பவர், கடைபவர், தைப்பவர் ஆகியோரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ஜெராக்ஸ் இயந்திரம் ஒரு மூலையில் உஷ்ணக் காற்றை விட்டுக்கொண்டிருக்க, கூரைவரை நோட்டுக் கட்டுகள் அடுக்கியிருந்த சாலையோரக் கடை ஒன்றில் முதலில் நுழைந்தேன். கடைக்காரர் தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயமாதலால் அவருக்குப் பேச அவகாசமில்லை. ஆனாலும் என் கேள்வி அவருக்கு வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும்.

"மக்கிப்போற மாதிரி பேனா ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

"எழுதுத மாதிரி பேனா கேளுங்க சார், தாரேன். மக்கிப்போறதைக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றவர், ஏதோ நினைவு வந்தவராக மேல்தட்டிலிருந்து ஒரு சிறு பெட்டியை இறக்கினார். "இது வேணுமா பாருங்க. பேப்பர் பென்சிலு. அடியில விதை வச்சிருக்கான். போன வருசம் வாங்கிப் போட்டது. பிறந்தநாளுக்குக் குடுக்கணும்னு யாராச்சும் கேப்பாங்க."

பழைய செய்தித்தாளை அளவாக வெட்டிப் பசை தடவி, கிராபைட் குச்சியைச் சுற்றி இறுக உருட்டிக் காயவைத்து, முனைகளைச் சீர்செய்து உருவாக்கிய பென்சில் அது. மரம் வெட்ட வேண்டியதில்லை என்பது அதன் விசேஷம். நம் நாட்டில் விற்பனையாகும் மரப்பென்சில்களுக்கு வேண்டிய பலகையில் பெரும்பகுதி, காஷ்மீரத்தில் புல்வாமா மாவட்டத்து உகூ கிராமத்தில் பாப்லார் மரத்திலிருந்து அறுக்கப்பட்டு, ஆலைகளுக்குப் போய்ப் பென்சிலாகிப் பின்னரே தெற்கே வருகிறது. அத்தனை தூரம் வரும் மரத்துக்குப் பதிலாக, நம் ஊரிலேயே குவிந்து கிடக்கும் பழைய காகிதம் பயன்படுவதில் நியாயமிருக்கிறது. ஆனால் அடியிலிருக்கும் விதையைப் பற்றி எனக்கு அத்தனை உற்சாகம் பிறக்கவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் உருவாக்கி, டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்று உலகெங்கும் பரப்பிய யுக்தி அது. விதைக்கு ஆயுள் உண்டு. புழுக்கமான கடைத்தட்டில் ஓராண்டு கிடந்தது முளைக்குமென்று யாரும் ஜாமீன் நிற்க முடியாது. அது போகட்டும். விதையுள்ள அடிப்பாகத்தை மண்ணில் நட வேண்டுமென்றால், விரற்கடை அளவுக்கு எழுதத்தக்க பென்சிலை எழுதாமலேயே விட்டுவிட வேண்டும் அல்லவா? வீணாகாமல் இருப்பதற்கென்று பிறந்த சாமான், தன்னை வீணாக்குவதற்கு ஒரு காரணத்தையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறது.

1915-ல் பம்பாய்க் காங்கிரசின்போது, இரண்டங்குலத்துக்கும் குறைவான ஒரு துண்டுப் பென்சிலைக் காணாமல் காந்தியடிகள் தேடித் தவித்ததையும், வேறு பென்சில் கொடுக்க வந்தவரிடம், அது சென்னையில் ஜி. ஏ. நடேசனுடைய சிறு மகன் அன்போடு கொடுத்தது என்று சொன்னதையும் காகா காலேல்கர் எழுதி வைத்திருக்கிறார். அன்பின் கதையாகவே அதை நாம் சொல்லி வருகிறோம். அது ஒரு பொருளின் கதையுமாகும். பென்சில் என்பது கடைசி அங்குலம் வரை எழுதி, சீவிய தூளும் மண்ணோடு போய், பின்னால் ஏறக்குறைய ஒன்றும் மிச்சம் வையாத சாமான். அந்த ஒழுங்கை அதற்குக் கற்பிக்க இன்று யாரும் தேவையில்லை.

கேரளத்தில் லட்சுமி மேனன் என்ற வடிவமைப்பாளர், வீணாகும் காகிதத்தைச் சுருட்டிப் பேனா உடலாக்கி, அடியில் அகத்தி விதையும் வைத்து, அந்த வேலையைப் பெண்களுக்கு ஜீவனோபாயமாகவும் ஆக்கியிருக்கிறார். பேனா விஷயத்தில் விதையின் மீது என் ஆட்சேபம் செல்லாது. மை தீர்ந்த பேனாவின் உடல் எப்படியும் மிச்சமாகும், அது முளைத்தால் லாபம், முளைக்காவிட்டாலும் காகிதம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழலும் உலோக முனையும் மட்டும் அங்கேயும் தீராத கணக்காக நிற்கின்றன.

அண்ணாச்சியின் கடையில் இப்படிப்பட்ட பென்சில் ஒரு பெட்டி என்றால், பால்பாயிண்ட் பேனாக்கள் சாடி சாடியாக இருந்தன. சென்னையிலேயே தயாராகி, வெள்ளை உடலும் நீல மூடியுமாக ஒரு தலைமுறையையே எழுதவைத்த ரெனால்ட்ஸ் பேனா 1980களில் வந்தபோது, சட்டைப்பை கறைபடாமல் எழுத முடிகிறதே என்று நாம் அடைந்த சந்தோஷம் பொய்யன்று. அந்தச் சிறு குச்சியைப் பிரித்துப் பார்த்தால் உடல் ஒருவகைப் பிளாஸ்டிக், மூடி மற்றொரு வகை, உள்ளே எண்ணெய்ப் பசையான மை தாங்கிய குழல், முனையில் பித்தளையோ எவர்சில்வரோ, அதன் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற, எஃகினும் கடினமான பொருளால் ஆன கடுகினும் சிறிய குண்டு. யுகாந்தரம் வரை தேயாதிருக்கத்தக்க வஸ்துக்களைக் கொண்டு, பரீட்சை ஒன்றை எழுதி முடித்ததும் எறியத்தக்க சாமானைச் செய்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பதினான்கு வகைப் பிளாஸ்டிக் சாமான்கள் விலக்கப்பட்டன. 2022 ஜூலை முதல் மத்திய சர்க்காரும் ஒரு பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்து, அழைப்பிதழைச் சுற்றும் மெல்லிய தாளைக்கூட அதில் சேர்த்தது. பேனா இரண்டிலும் இல்லை. எழுத்தறிவோடு சம்பந்தப்பட்ட பொருளாதலால் அதன் மேல் கை வைக்க நமக்குக் கூச்சமாக இருக்கிறதோ என்னவோ.

கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி ஒரு காயலான் கடை. அங்கே பனியனோடு தரையில் அமர்ந்து, போன வருஷத்துப் பள்ளி நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைக் கிழித்து ஒருபக்கமும் தாள்களை மறுபக்கமும் எறிந்துகொண்டிருந்தவரை, வடிவமைப்புக் கலாசாலை எதிலும் பரீட்சாதிகாரியாக நியமிக்கலாம் என்பேன். அட்டையை ஏன் கிழிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வெறும் பேப்பர்னா அதுக்கு ஒரு ரேட்டு சார். வெறும் பிளாஸ்டிக்குனா அதுக்கு ஒரு ரேட்டு. இது பளபளன்னு கீதே, மேல ஒட்டிக்கினு, இதுக்கு பேப்பர் ரேட்டும் கெடையாது, பிளாஸ்டிக் ரேட்டும் கெடையாது. வாங்குறவன் துட்ட கொறச்சுடுவான்" என்றார். சுருள்கம்பி கோத்த நோட்டை எடுத்து, கம்பியை ஒரே இழுப்பில் உருவிக் காட்டி, "இதுகூட பரவால்ல, வந்துடும்" என்றார். பேனாக்களைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "பேனாவ எவன் சார் பிரிச்சுக்கினு உக்காருவான்?"

இந்த மூன்று நிமிஷப் பேச்சில் அடங்கியிருப்பதைக் காட்டிலும் தெளிவான வியாக்கியானத்தை இவ்விஷயத்தில் நான் எங்கும் கேட்டதில்லை. அட்டை கெட்டதன்று, காகிதக்கூழாக மாறி மறுபடி அட்டையாகக் கூடியது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய படலமும் தனியே கிடந்தால் ஏதோ ஒரு வேலைக்கு உருக்கப்படும். இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி அழுத்தி ஒட்டியதனால் இரண்டுமே நாசமாயின. மழையில் நனையாதிருக்க என்று சொல்லப்படுகின்ற அந்தப் பளபளப்பு, ஓராண்டு மட்டுமே உபயோகமாகும் நோட்டுக்கு, அதுவும் பிரவுன் தாளில் மேலட்டை போட்டே தீரவேண்டுமென்று பள்ளிக்கூடம் கட்டளையிடுகின்ற நோட்டுக்கு, எதற்கென்பதை யாரும் கேட்பதில்லை. கடையில் வரிசையாக அடுக்கும்போது அதன் மேல் விளக்கொளி பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. அதுவே அதன் பிரயோஜனம்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. அண்ணாச்சியிடம் வாங்கிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, படலம் போர்த்திய அட்டையை விட்டு உள்ளிருக்கும் தாளைத் தடவிப் பார்த்தேன். அந்தத் தாள் எந்த ஆலையில் பிறந்ததென்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆனால் அதே கடையில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்த கட்டில் இருந்த பெயர் தமிழ்நாட்டு மாணவர் யாவரும் அறிந்தது: டி.என்.பி.எல். என்று சுருக்கமாக வழங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-ல் தமிழக சர்க்காரால் தொடங்கப்பட்டு, கரூருக்கு அருகே புகளூர்ப் பக்கம், காகிதபுரம் என்று பெயரிடப்பட்ட இடத்தில் 1984-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. ஆண்டுக்கு 90,000 டன் என்பது அன்றைய திறன். இப்போது அது பலமடங்கு பெருகிவிட்டது. மூங்கிலையும் மரத்தையும் நம்பியே காகித ஆலைகள் நடந்த தேசத்தில், கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைப் பிரதான மூலப்பொருளாகக் கொண்டு இவ்வளவு பெரிய ஆலையை நிர்மாணித்தது, சாதாரணத் துணிச்சலன்று.

சக்கை முழுவதும் காகிதமாவதில்லை. தண்டின் நடுவே பஞ்சுபோல் இருக்கும் சோற்றுப்பகுதியில் நார் கிடையாது. அதை இயந்திரத்தால் முதலில் நீக்கிவிட வேண்டும். எஞ்சும் நாரும் குட்டையானதாகையால், தைலமரம், சவுக்கு முதலியவற்றின் கூழும் கலக்கப்படுகிறது. பயன்படுத்திய காகிதத்திலிருந்து மையை நீக்கிக் கூழாக்கும் பகுதியும் அங்கே உண்டு. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆயினும் பளபளப்பான விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு சங்கதியும் இருக்கிறது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கவில்லை. தம்முடைய கொதிகலன்களில் எரித்து நீராவி எடுத்துவந்தன. சக்கையைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டால் எரிப்பதற்கு வேறொன்று வேண்டும். ஆகவே சக்கைக்கு ஈடாக நிலக்கரியும், அதை எரிக்கக் கொதிகலனும் கொடுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளப்பட்டது. மரம் பிழைத்தது மெய். அதன் விலையில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகச் செலுத்தப்பட்டதும் மெய். இதனால் கரும்புக் காகிதம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை; 'கழிவிலிருந்து செய்தது' என்று அட்டையில் எழுதியிருப்பதைக் காணும்போது, யாருடைய கழிவு, அதற்கு முன் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆலையே வேண்டாம், கையாலேயே காகிதம் செய்வோம் என்று புறப்பட்டவர்களும் நம்மவர்களே. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-ல் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது, கைக்காகிதம் அதன் தொழில்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் ஜபல்பூர்ச் சிறையில் அமர்ந்து அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரம் என்னும் நூல், சுரங்கத்திலிருந்து எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் பொருளை நம்பி வாழ்வதற்கும், ஆண்டுதோறும் விளைந்து திரும்பும் பொருளை நம்பி வாழ்வதற்கும் உள்ள பேதத்தை, இன்று அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் பிறப்பதற்கு முன்பே பேசியது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-ல் தொடங்கிய கைக்காகிதச் சாலையில் இன்றும் பருத்தித் துணித்துண்டுகளை அரைத்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளித் தாளாக்குகிறார்கள். பனியன் தைக்கும் ஊர்களில் கத்தரியிலிருந்து விழும் வெட்டுத்துண்டு அங்கே அழகிய கடிதத்தாளாகிறது. கணக்கு நோட்டுக்கு அது கட்டுப்படியாகாது. வாழ்த்து அட்டைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அது இடம்பெயர்ந்ததைக் குமரப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது ஊகிக்கக் கடினமானதன்று.

பூவிருந்தவல்லியில் பஸ் மாறினேன். திருக்கச்சிநம்பிகள் அவதரித்த ஊராதலால் அவருடைய பூத்தொண்டை நினையாமல் அதைக் கடக்க முடியாது. ஆனால் பஸ் நிலையத்து நெரிசல் பக்திக்கு இடங்கொடுப்பதாக இல்லை. திருவள்ளூர் பஸ்ஸில் எனக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்த அம்மையார், துணிக்கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்திருந்தார். காதுகளிரண்டும் வேறு துணியால் மாற்றித் தைக்கப்பட்டிருந்தன.

"ரொம்ப நாளாப் பயன்படுத்தறீங்களோ?" என்றேன்.

"என் சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தப்போ குடுத்தது சார். அவ பிள்ளையே இப்போ ஸ்கூலுக்குப் போவுது" என்றார்.

2021 டிசம்பரில் தமிழக சர்க்கார் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, கோயம்பேட்டில் காசு போட்டால் பை தரும் இயந்திரம்கூட நிறுவப்பட்டது. நல்லதுதான். எனினும் பிரிட்டன் தேசத்துச் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட கணக்கொன்று இங்கே ஞாபகத்தில் வைக்கத்தக்கது: பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் ஆகும் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், புவி வெப்பமடைதலைப் பொறுத்தவரை, ஒரு பருத்திப்பை 131 முறை உபயோகப்பட்டால்தான் ஒருமுறை உபயோகித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் காட்டிலும் மேலானதாகும். அம்மையாரின் பை அந்த எண்ணிக்கையை எப்போதோ கடந்திருக்கும். விழாக்களில் இலவசமாகக் கிடைத்து அலமாரியில் மடித்தபடியே உறங்கும் நம் வீட்டுத் துணிப்பைகள் கடக்கவில்லை. காது அறுந்தால் தைக்கத்தக்கபடி அது துணியாக இருப்பதும், தைக்க மனமுள்ள ஒருவர் கையில் அது இருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தே பையை நல்ல பையாக்குகின்றன.

திருமழிசை வந்தது. பஸ்ஸிலிருந்தபடியே கோயில் இருக்கும் திசையை நோக்கினேன். இவ்வூரிற் பிறந்த ஆழ்வார், தாம் இயற்றியவற்றை எழுதிய ஏடுகளையெல்லாம் கும்பகோணத்தில் காவிரியில் விட்டுவிட்டார் என்றும், இரண்டு பிரபந்தங்கள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்து அவரிடம் சேர்ந்தன என்றும் வைஷ்ணவ சம்பிரதாயம் கூறும். எதிர்த்து வந்தவற்றின் மகிமையைப் பெரியோர் பேசியிருக்கிறார்கள். நானோ அன்றைக்கு நினைத்துக்கொண்டது நீரோடு போன ஏடுகளை. பனையோலையும், அதன்மேல் மையாடும்போது பூசிய கரியும் இலைச்சாறும் மஞ்சளும், கோத்த நூலும் ஆற்றில் போனதனால், இலக்கியத்துக்கு நஷ்டம் நேர்ந்திருக்கலாமேயன்றி ஆற்றுக்கு ஒரு நஷ்டமும் நேரவில்லை. வழியில் கூவத்தைக் கடக்கும்போது இந்த எண்ணம் மேலும் வலுத்தது. திருவள்ளூர்ச் சீமையில் நாணலும் மணலுமாக ஓர் ஆறு போலவே இருக்கிற கூவம், நேப்பியர் பாலத்தை அடைவதற்குள் என்ன ஆகிறதென்பதைச் சென்னைவாசிக்கு வர்ணிக்க வேண்டியதில்லை.

திருவள்ளூரை வீரராகவப் பெருமாளுக்காகத் தேடி வருகிறவர்களே அநேகர். வேறொரு சிறு கூட்டம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு, ரங்கா என்ற பெயரால் இவ்வூரை அறிந்திருக்கிறது. எபோனைட் என்னும் கெட்டி ரப்பரைக் கடைசல் பட்டறையில் கையால் கடைந்து செய்யும் மைப்பேனாவின் பெயர் அது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்தால் அது இறுகும். டயருக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போதும். முப்பது பங்குக்கு மேல் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கருங்காலிபோல் கெட்டியான எபோனைட் கிடைக்கும். 1851-ல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் இதற்கு உரிமை பெற்றார். கையில் பிடித்தால் உலோகத்தைப்போல் சில்லென்றிராது. நெடுநேரம் எழுதினாலும் வழுக்காது. வெயிலில் கிடந்தால் கருமை மங்கிப் பழுப்பேறும் என்பது அதன் குறை.

இவ்வூரில் நான் போன பட்டறையில் கடைசல் எந்திரம் சுழல, கறுப்புத் தூள் சுருள் சுருளாக உதிர, இலேசான கந்தக நெடி அறை முழுதும் பரவியிருந்தது. முதிய கைவினைஞர் ஒருவர் உருளையைத் துளையிட்டு, மூடிக்கும் கழுத்துக்கும் மரை போட்டு, சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றிக் கொண்டிருந்தார். அளவுக்கருவியைக் காட்டிலும் விரல் நுனியையே அவர் அதிகம் நம்பினார் என்று தோன்றிற்று. பக்கத்தில், மூடியின் மரை தேய்ந்துபோன பழைய பேனா ஒன்று பழுதுபார்க்க வந்து காத்திருந்தது.

"இது எத்தனை வருஷம் உழைக்குங்க ஐயா?" என்று கேட்டேன்.

"நிப்பு தேஞ்சா நிப்பு மாத்தலாம். நாக்கு உடைஞ்சா நாக்கு மாத்தலாம். கழுத்து விரிசல் விட்டா வேற கழுத்து கடைஞ்சு போட்டுடுவேன். தொலைக்காம இருந்தா உழைக்கும் சார்" என்றார்.

ஃபில்லரால் மையை நேரே உடலுக்குள் ஊற்றும் அமைப்பு அது. மைக்குத் தனிக்குழல் கிடையாது, ஆகவே எறிவதற்கும் ஒன்றும் கிடையாது. மை பாதிக்கு மேல் தீர்ந்ததும் உள்ளங்கைச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஒரு துளி மையைத் தாளில் கொட்டிவிடும் என்ற பழைய தொல்லையும் இருக்கத்தான் இருக்கிறது. எபோனைட் மண்ணில் மக்குவதுமில்லை. அண்ணாச்சியிடம் நான் கேட்ட கேள்விக்கு இந்தப் பேனா விடையாகாது. அன்று அந்தப் பட்டறையில் நின்றபோது, அந்தக் கேள்வியே பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றியது. ஒரு சாமான் ஒன்று பென்சிலைப்போலத் தேய்ந்து மண்ணாக வேண்டும். அல்லது இந்தப் பேனாவைப்போலப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பேரப்பிள்ளை கைக்குப் போக வேண்டும். இரண்டு தர்மமும் தர்மமே. சில வாரமே உழைத்து, பல நூறு ஆண்டு கிடப்பதுதான் இவ்விரண்டிலும் சேராதது.

சுதேசி இயக்க காலத்தில், குண்டூசி முதல் பேனா வரை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற காந்தியடிகளின் தூண்டுதலால் ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்னம் 1932-ல் பேனாத் தொழில் தொடங்கினார். அவர் கொடுத்த பேனாவைப் பெற்றுக்கொண்டு காந்தியடிகள் 1935-ல் கடிதம் எழுதினார். எளியவன் கைக்கு வரவேண்டும் என்று பிறந்த அந்த வகைப் பேனா இன்று சில ஆயிரம் ரூபாய் விலைபெற்று, பெரும்பாலும் விமானம் ஏறிப் போகிறது. தொழில் பிழைத்திருப்பதற்கு அந்த வெளிநாட்டு ரசிகர்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் காட்டுப்பாக்கத்துப் பள்ளிப்பிள்ளை அதை வாங்க மாட்டான். வாங்கினாலும், ஃபில்லரும் மைப்புட்டியும் வைத்துக்கொள்ள வகுப்பறையில் இடங்கொடுப்பார்களா என்பது சந்தேகம். எளிய விலையில், நிப்பும் நாக்கும் கடையிலேயே தனியே கிடைக்கும்படி ஒரு பேனாவை யாரேனும் வடிவமைத்தால், விதை வைத்த பென்சில்கள் அனைத்தினும் அதையே நான் மேலாக மதிப்பேன்.

மாலையில் பூவிருந்தவல்லியில் இறங்கினேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறு பைண்டிங் கடையில், ஒருவர் கோர்ட்டுக் கட்டுகளையும் கல்லூரி ஆய்வேடுகளையும் கட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டியதைச் சொன்னேன்: ஃபாரம் ஃபாரமாக மடித்து நூலால் தைத்த நோட்டு, ரெக்சின் வேண்டாம், காலிகோத் துணி, பளபளப்புத் தாள் வேண்டாம், ரசாயனப் பசை வேண்டாம், மைதாப் பசை போதும்.

"மைதாப் பசைதான் நமக்கு எப்பவும். பூச்சி வராம மயில்துத்தம் கொஞ்சம் போட்டுக் காய்ச்சுவோம்" என்றார். மயில்துத்தமும் விஷந்தான் என்பது எனக்குத் தெரியும். அளவு சிறிதென்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு நோட்டு மட்டும் தைக்க முடியாது, பத்தாவது இருந்தால்தான் கூலி கட்டும் என்றார். அந்தக் கணக்கில் நியாயமிருந்தது. ஒரு ரீம் தாளை வெட்டி மிச்சத்தை என்ன செய்வது? பத்துக்கு ஒப்புக்கொண்டு, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். விலை கேட்டபோது, அண்ணாச்சி கடை நோட்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. என் முகத்தைப் பார்த்திருப்பார் போலும். எழுந்து வந்து, முடித்து வைத்திருந்த ஒரு பேரேட்டை எடுத்து, அட்டைக்கும் உள்கட்டுக்கும் நடுவே இருக்கும் ஓரத்தாளைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"இந்த எடத்துல மட்டும் பிளேடு வெச்சா, அட்டை தனியா, உள்ள தனியா வந்துடும் சார். எழுதி முடிச்சதும் அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கொண்டாங்க. புதுத் தாள் வெச்சுத் தைச்சு அதே அட்டையில ஏத்தித் தரேன். ரெண்டாவது தடவைக்கு அட்டை காசு கிடையாது, துணி காசு கிடையாது. பேப்பரும் தையல் கூலியும் குடுத்தாப் போதும். அப்பிடி நாலு தடவை வரும். அப்புறம் மூலை நைஞ்சா, மூலைக்கு மட்டும் துணி ஒட்டிக்கலாம்."

பத்து நோட்டுக்கும் முன்பணம் எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் அளவையும் பக்கத்தையும் எழுதிவிட்டு, கோடு போட்ட தாளா, வெள்ளையா என்று கேட்டார்.